ஆணோ பெண்ணோ: தோட்டப்புறத்துக் கணிப்புகளும் கருவின் கணக்கும்



தோட்டப்புற வழக்குகளைப் பற்றிப் பேசும்பொழுது நாம் பெரும்பாலும் தொழிற்சொற்களையே எடுத்துக்கொள்கின்றோம். பெரட்டு, செக்ரோல், ஆயாக்கொட்டகை, கங்காணி, கிராணி என அவை வரிசையாக வந்து நிற்கும். லயத்து வீட்டின் உள்ளே, பெண்கள் தமக்குள் தாழ்ந்த குரலில் வழங்கிய சொற்களுக்கு அவ்வளவு இடம் கிடைப்பதில்லை. இன்று அவற்றுள் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிறக்கப்போவது ஆணா, பெண்ணா? அதனை முடிவு செய்வது யார், எது? இவ்வினாவுக்கு லிங்கி, லாபு, போர்ட்டிக்சன், ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் விடை வைத்திருந்தனர். ஒன்றல்ல, பல விடைகள்.

வயிறு குவிந்து முன்தள்ளி நின்றால் ஆண், இடுப்போடு பரந்து விரிந்தால் பெண். படியேறுகையில் வலக்காலை முன்வைத்தால் ஆண், இடக்காலாயின் பெண். சூலியின் முகம் பொலிவிழந்தால் உள்ளே இருப்பது பெண், அவள் தாயின் அழகில் பங்கு கேட்கிறாள் என்பர். அடுத்த லயத்துக்குச் சென்றால் இதற்கு நேர்மாறாகவும் கூறுவர். இவையெல்லாம் நடந்துவிட்டதை அறியும் குறிகள். நடக்கப்போவதை மாற்றுவதற்கும் வழிகள் இருந்தன. அரசமரத்தைச் சுற்றுவதும், தோட்டத்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வதும் அவற்றுட் சில. எல்லாவற்றிலும் நம் கவனத்துக்கு உரியது பெயரிடும் முறை. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டால் அவளுக்குப் 'போதும்பொண்ணு' என்று பெயர் வைத்தனர். 'வேண்டாம்' என்னும் பொருள்படப் பெயரிட்ட வீடுகளும் உண்டு. 'மங்களம்' என்று நாகரிகமாக முடித்துவைத்த வீடுகளும் உண்டு. பெயர் என்பது அழைப்பதற்கு மட்டும் அன்று, அடுத்த கருவை ஆணாகத் திருப்பவல்ல ஆற்றல் உடையது என்னும் கொள்கை அதனுள் இருக்கிறது. ஒரு குழந்தையின் பெயர் இன்னும் கருவாகாத வேறொரு குழந்தைக்காக இடப்படுவது மொழிவரலாற்றில் கவனிக்கத்தக்க செய்தி. அப்பெயரை வாழ்நாள் முழுதும் சுமந்தவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இக்கொள்கைகள் தோட்டத்தில் முளைத்தவை அல்ல. கப்பலேறி வந்தவை, அவற்றுட் சில நூலேறியவையும் ஆகும். பூப்பு நாள் தொட்டு எண்ணி, இரட்டைப்படை இரவுகளில் கூடினால் ஆண் பிறக்கும், ஒற்றைப்படை இரவுகளில் கூடினால் பெண் பிறக்கும் என்பது மனுநூலின் மூன்றாம் இயலில் உள்ளது. விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடியவர்கள் இந்தக் கணக்கை எவ்வாறு வைத்துக்கொண்டனர் என்பது வேறு வினா. நம் தமிழில் திருமூலரின் திருமந்திரம், இரண்டாம் தந்திரத்துக் கருப்பக்கிரியைப் பகுதியில், கூடும் வேளையில் மூச்சு வலப்பக்க நாசியில் ஓடினால் ஆண் என்றும், இடப்பக்கத்தில் ஓடினால் பெண் என்றும் கூறுகின்றது. இம்மூச்சு ஆணின் மூச்சு என்றே உரைகாரர் கொள்வர். இக்குறிப்பைச் சற்றே நினைவில் நிறுத்துக. பின்னர் அதற்குத் திரும்புவோம்.

வலம் ஆணுக்கு, இடம் பெண்ணுக்கு என்னும் பகுப்பு நமக்கே உரியதும் அன்று. பழைய கிரேக்கரும் வலப்பக்கத்தை ஆணுக்கும் இடப்பக்கத்தைப் பெண்ணுக்கும் ஒதுக்கினர். அரிஸ்டாட்டில் அதனை மறுத்து, வெப்பமே முடிவு செய்கிறது, வெப்பம் போதாதபோது பெண் பிறக்கிறாள் என்றார். மனிதர் வகையில் அது பொய்த்தது. ஆயினும் வேறோர் உயிர் வகையில் வெப்பத்துக்குப் பங்கு உண்டு. நம் அண்டை மாநிலமான மலாக்காவின் கடற்கரையில் முட்டையிடும் அழுங்காமைக்கு, மணலின் சூடே குஞ்சுகளின் பாலை முடிவு செய்கின்றது. ஆனால் அங்கே சூடு மிகுந்தால் பிறப்பன பெண் ஆமைகள். அரிஸ்டாட்டில் சொன்னதற்குத் தலைகீழ்.

மனிதரைப் பற்றிய விடைக்கு வழி திறந்தது ஒரு சிறு வண்டு. 1905ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு ஆய்வாளர் நெட்டி ஸ்டீவன்ஸ் அம்மையார், மாவுப்புழுவாக வளரும் வண்டினத்தின் உயிரணுக்களை நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். பெண் வண்டின் அணுவில் பெரிய நிறப்புரிகள் 20 இருந்தன. ஆண் வண்டின் அணுவில் பெரியவை 19, மிகச் சிறியது ஒன்று. ஆணின் விந்தணுக்களில் ஒரு பாதி பெரியதைக் கொண்டிருந்தன, மறுபாதி சிறியதைக் கொண்டிருந்தன. எந்த விந்தணு முட்டையோடு சேர்கிறதோ அதுவே பாலை முடிவு செய்கிறது என்று அவர் கண்டார். எட்மண்ட் வில்சன் என்பாரும் அதே ஆண்டில் ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தார். மனிதருக்கும் முறை இதுவே. தாயின் முட்டை எப்பொழுதும் எக்ஸ் நிறப்புரி ஒன்றையே தரும். தந்தையின் விந்தணு எக்ஸ் தந்தால் பெண், ஒய் தந்தால் ஆண். பாலைப் பிரிக்கும் அணு தந்தையிடமிருந்தே வருகின்றது. எது வரவேண்டும் என்பது அவர் விருப்பத்திலும் இல்லை.

இனி மொழிக்கு வருவோம். 'பெறு' என்னும் வினை இருபாலுக்கும் பொது. தந்தையும் தாயும் சேர்ந்தே பெற்றோர். ஆனால் லயத்துச் சண்டையில், மாமியார் வாயில், தண்ணீர்க் குழாயடியில் வழங்கிய தொடர் என்ன? 'பெண்ணாகப் பெற்றுப்போட்டவள்' என்பது. இதற்கு ஆண்பால் வடிவத்தை நாம் கேட்டதுண்டா? இலக்கணம் தடுக்கவில்லை, 'பெற்றுப்போட்டவன்' என்று பிழையின்றி அமைக்கலாம். வழக்கு அதனை அமைக்கவில்லை. மேலே சொன்ன குறிகளையும் மீண்டும் பாருங்கள். வயிறு அவளுடையது, கால் அவளுடையது, முகம் அவளுடையது. மரத்தைச் சுற்றியவளும் அவளே. ஆண்மகனின் நடையைப் பார்த்தோ முகத்தைப் பார்த்தோ சொல்லப்பட்ட குறி ஒன்றுகூட நம் நினைவுக்கு எட்டவில்லை. திருமூலர் ஆணின் மூச்சில் வைத்த காரணத்தை, நூல் அறியாத வழக்கு பெண்ணின் வயிற்றுக்கு மாற்றிக்கொண்டது.

இது சொல்லோடு நின்ற கொடுமை அன்று. ஆண் வாரிசு இல்லை என்பதைக் காரணம் காட்டி இரண்டாந்தாரம் கொண்டுவருவது நம் சமூகத்தில் நிகழ்ந்தது. முஸ்லிம் அல்லாதார்க்கு ஒருதார மணத்தைக் கட்டாயமாக்கிய 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை சட்டம் குறுக்கே நிற்கவில்லை. தன் உடலில் முடிவாகாத ஒன்றுக்காக ஒரு பெண் தன் வீட்டிலேயே இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டாள்.

குற்றம் யாருடையதும் இல்லை என்பதை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சரிபாதி வாய்ப்பு உடையவர்கள். நான்கு பிள்ளைகள் பெற்ற குடும்பங்கள் 16 ஒரு லயத்தில் இருப்பதாகக் கொள்வோம். சராசரியாக அவற்றுள் ஒன்றில் நால்வரும் பெண்களாக இருப்பர், ஒன்றில் நால்வரும் ஆண்களாக இருப்பர். எந்த லயத்தை எடுத்தாலும் பேச்சுக்கு இலக்காக ஒரு வீடு கிடைத்துக்கொண்டே இருக்கும். அந்த வீட்டில் வினையும் இல்லை, சாபமும் இல்லை. அதுபோலவே, குறி சொல்லும் மூதாட்டி எதைச் சொன்னாலும் பாதிக்குப் பாதி பலித்துவிடும். பலித்தது ஊர் முழுதும் பரவும். பலிக்காதது அவர் வெற்றிலைப் பெட்டியோடு நின்றுவிடும்.

'ஆண் பிறக்கும்வரை' என்று பெற்றுக்கொண்டே சென்ற குடும்பங்களும் உண்டு. அதனால் அந்த வீட்டில் பெண்கள் கூடுவர். தோட்டம் முழுவதையும் சேர்த்து எண்ணினால் விகிதம் அசையாது. ஒவ்வொரு பிறப்பும் முந்தியதை நினைவில் வைத்திருப்பதில்லை. இலண்டன் மாநகரின் 82 ஆண்டுத் திருமுழுக்குப் பதிவுகளை 1710இல் ஆராய்ந்த ஜான் ஆர்பத்நாட், ஒவ்வோர் ஆண்டிலும் ஆண் குழந்தைகளே சற்று மிகுதியாக இருந்ததைக் கண்டார். உலகெங்கும் இயல்பாக 100 பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. கருத்தரிக்கும் வேளையில் இருபாலும் சமம், கருப்பத்தின் இடையில் ஏற்படும் இழப்புகளாலேயே இவ்வேறுபாடு வருகிறது என்று 2015இல் வெளியான பெரும் ஆய்வு ஒன்று கூறுகின்றது.

புதிய கொள்கைகளுக்கும் குறைவில்லை. அமெரிக்க மருத்துவர் லாண்ட்ரம் ஷெட்டில்ஸ் 1960களில், கருமுட்டை வெளிப்படும் நாளை ஒட்டிக் கூடினால் ஆண், சில நாள் முன்னதாகக் கூடினால் பெண் என்றார். ஒற்றை இரட்டைக் கணக்குக்கு வெள்ளை மேலங்கி அணிவித்தது போன்றது இது. 221 பெண்களை நாள்தோறும் கண்காணித்து 1995இல் வெளியிடப்பட்ட ஆய்வில் அவ்வாறான தொடர்பு எதுவும் தென்படவில்லை. தாய் காலையில் உண்ணும் தானிய உணவு ஆண் குழந்தையைத் தருகிறது என்று 2008இல் ஒரு கட்டுரை வந்தது. அது தற்செயலாக அமைந்த எண் என்று புள்ளியியலார் உடனே மறுத்தனர். மீண்டும் தாயின் வாயும் வயிறுமே ஆராயப்பட்டன என்பதைக் கவனிக்க.

ஆணை வேண்டியது ஏன் என்று கேட்டால், 'ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி' என்னும் பழமொழியை விடையாகத் தருவர். தாய்நாட்டில், நிலமும் வரதட்சணையும் உள்ள வீட்டில் எழுந்த பழமொழி அது. தோட்டத்தில் நிலம் எவனுக்கும் இல்லை; வீடு துரையுடையது. 1920களின் இறுதியில், மலாயாவில் எளிதில் சென்றடையக்கூடிய பகுதிகளில் நிலைப்படுத்தப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பெண்ணின் உழைப்புக்குக் குறைத்துத் தந்தனர் என்பது உண்மை. ஆயினும் அவள் பெயர் செக்ரோலில் இருந்தது. ஐந்து பெண்கள் உள்ள வீட்டில் ஐவரும் பால்மரம் வெட்டப் போயினர். எந்த அரசனும் அதனால் ஆண்டியாகவில்லை. பழமொழி மட்டும் பழைய ஊர்க் கணக்கையே சொல்லிக்கொண்டிருந்தது.

இதனினும் வியப்பானது வேலிக்கு அப்பால் இருந்தது. நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்கள் மினாங்கபாவ் வழிவந்த அடாட் பெர்பாத்தே மரபினர். ரெம்பாவ், ஜெலுபு, கோலப்பிலா வட்டாரங்களில் பூர்விக நிலம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். குலம் தாய்வழியே எண்ணப்படும். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வருவான். 1909ஆம் ஆண்டிலும் மீண்டும் 1926ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட மரபுநில உரிமைச் சட்டங்கள் இதனை ஏட்டில் உறுதிப்படுத்தின. அங்கே மகள் இல்லாத வீட்டின் நிலம் குலத்தின் வேறு பெண்களிடம் போய்ச் சேரும். வீடு நிலைக்க அங்கே வேண்டியிருந்தவள் மகள்.

ஒரே மழை, ஒரே மண், ஒரே சந்தை. வேலிக்கு இப்பால் 'போதும்பொண்ணு'. வேலிக்கு அப்பால் நிலத்துக்கு உரியவள். ஆண்மகவை விரும்புவது மனித இயல்பு என்று கூறுவோர் இவ்விரண்டுக்கும் இடையே ஒருமுறை நடந்து பார்க்கலாம். தலைமுறை தலைமுறையாக அண்டையில் வாழ்ந்தும், மலாய்மொழியின் சொற்கள் பலவற்றை நம் பேச்சில் ஏற்றுக்கொண்டும், இந்த ஒரு வழக்கைப் பற்றி நாம் ஒரு பழமொழியைக்கூடக் கடன் வாங்கவில்லை.

இன்று லயங்கள் பல இல்லை. நீலாயிலும் சிரம்பான் புறநகரிலும் பால்மரம் நின்ற இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் நிற்கின்றன. வயிற்றின் வடிவைப் பார்த்தவர் இடத்தில் ஸ்கேன் கருவி வந்துவிட்டது. கருவி பொய் சொல்வது குறைவு. அதனாலேயே அச்சமும் மிகுதி. இந்தியாவில் ஆறு வயதுக்கு உட்பட்டோரில் 1000 ஆண்களுக்கு 1991இல் 945 பெண்கள் இருந்தனர். 2001இல் 927 ஆயினர். இடையில், 1994இல், கருவின் பாலறிந்து சொல்வதைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் இந்நிலை. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் தொடங்க நேர்ந்தது. பழைய கொள்கைகள் யாவும் பொய்யாக இருந்தமையால் ஒரு நன்மை இருந்தது: அவற்றால் ஒரு பெண்கருவும் குறையவில்லை. விருப்பம் அப்படியே இருக்க, அறியும் வழி மட்டும் மெய்யானபோதுதான் எண்ணிக்கை சரிந்தது.

நிறைவாக, தோட்டப்புறச் சொற்றொகுப்பைப் பற்றி ஒரு வேண்டுகோள். இச்சொற்களைக் கொச்சை என்றோ மூடவழக்கு என்றோ விலக்கிவிட வேண்டாம். பொருளை மட்டும் எழுதி நகரவும் வேண்டாம். 'போதும்பொண்ணு' என்பதற்கு எதிரே, 'அடுத்த மகவு ஆணாகும் பொருட்டுப் பெண்குழந்தைக்கு இடப்பட்ட பெயர்' என்று விளக்கம் எழுதலாம். 'பெற்றுப்போட்டவள்' என்பதற்கு எதிரே, 'ஆண்பால் வடிவம் வழக்கில் இல்லை' என்று குறிக்கலாம். அவையிலுள்ள பெரியோர் தத்தம் தோட்டங்களில் கேட்ட இத்தகைய பெயர்களையும் குறிகளையும், எந்த வட்டாரம் என்னும் குறிப்போடு எழுதித் தந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்வோம்.