"புரிஞ்சுதா?" என்று கேட்பதை நிறுத்தினோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் சமுதாயக் கல்லூரி ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"உங்க காலேஜ்ல எப்படிச் சொல்லித் தர்றீங்க, அதைப் பத்திக் கொஞ்சம் பேசுங்க" என்று உங்கள் செயலாளர் கேட்டுக்கொண்டார். சாதனைகளைச் சொல்ல எனக்கு முன்னால் நிறையப் பேர் பேசிவிட்டார்கள். நான் செய்த ஒரு தப்பைச் சொல்லப் போகிறேன். அந்தத் தப்பிலிருந்து நாங்கள் ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து என்ன கற்றுக்கொண்டோம் என்பதையும் சொல்கிறேன். அது உங்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. பள்ளிக்கூடப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள், பத்தாவதோடு நின்றவர்கள், கல்யாணமாகி பத்து வருஷம் கழித்துத் திரும்பப் படிக்க நினைப்பவர்கள், இவர்களுக்கான கல்லூரி இது. அமெரிக்காவில் 1901-ல் ஜோலியட் என்ற ஊரில் ஆரம்பித்த கல்லூரியை இந்த வகைக்கு முன்னோடி என்று சொல்வார்கள். நம் பக்கத்தில் 1995-ல் புதுச்சேரியிலும் 1996-ல் சென்னையிலும் இது வேர் பிடித்தது. பிறகு தொண்டு நிறுவனங்கள் பல ஊர்களில் தொடங்கின. நோயாளி பராமரிப்பு, தையல், கம்ப்யூட்டர், சமையல் கலை என்று பாடங்கள் இருக்கும். தொழிலோடு வாழ்க்கைத் திறனும் சொல்லித் தருவோம். சில மாதம் ஆஸ்பத்திரியிலோ கடையிலோ நேரடியாக வேலை பழகவும் அனுப்புவோம்.

நான் நோயாளி பராமரிப்புப் பாடம் எடுப்பவள். சில வருஷத்துக்கு முன்னால் என் வகுப்பில் ஒரு அக்கா சேர்ந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். பெயர் வேண்டாம். எப்போதும் கடைசி பெஞ்சு. ஒரு நாள்கூட தாமதமாக வந்ததில்லை.

ஆறாவது வாரம் சதவீதக் கணக்கு எடுத்தேன். குளுக்கோஸ் பாட்டிலில் "5%" என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 100 மில்லி கரைசலில் 5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அப்படியானால் 500 மில்லி பாட்டிலில் எத்தனை கிராம்? இதுதான் கணக்கு. போர்டில் சூத்திரம் எழுதினேன். மூன்று நாள் எடுத்தேன். ஒவ்வொரு நாளும் முடிக்கும்போது "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். "புரிஞ்சுது டீச்சர்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

நாலாம் நாள் அந்த அக்காவை எழுப்பி போர்டில் போடச் சொன்னேன். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதுகூடத் தெரியலையா? இது அஞ்சாங்கிளாஸ் கணக்குதானே!" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். யாரோ சிரித்தார்கள். அவர் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. உடம்பு சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். பத்து நாள் கழித்துத்தான் வீட்டுக்குப் போனேன். அதுவும் என் தப்புதான், இரண்டாம் நாளே போயிருக்க வேண்டும்.

பாய் விரித்து உட்கார வைத்தார், டீ போட்டுக் கொடுத்தார். கடைசியில் சொன்னார்: "டீச்சர், எம் பொண்ணு அஞ்சாங்கிளாஸ் படிக்குது. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அவ நோட்டைத் தொடவே எனக்குக் கூசுச்சு."

எனக்கு பதில் சொல்ல வாய் வரவில்லை. தலையைத் திருப்பினேன். அலமாரியில் அட்டை போட்ட நோட்டுகள் அடுக்கி இருந்தன. என்ன நோட்டு அக்கா என்று கேட்டேன். "எங்க குழுவோட கணக்கு நோட்டு டீச்சர். நாலு வருஷமா நான்தான் எழுதுறேன்" என்றார். திறந்து பார்த்தேன். சேமிப்பு, உள்கடன், அசல், வட்டி எல்லாம் வரி வரியாக இருந்தது. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

யோசித்துப் பாருங்கள். நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் ஐயாயிரத்துக்கு எவ்வளவு என்று தூக்கத்தில் கேட்டாலும் நூறு ரூபாய் என்று சொல்லக்கூடியவர். அவரைப் பார்த்துத்தான் சதவீதம் தெரியாது என்று நான் சொல்லியிருக்கிறேன். நூற்றுக்கு ஐந்து என்பதும் ஐந்து சதவீதம் என்பதும் ஒன்றுதானே! அவருக்குத் தெரிந்த கணக்கை அவருக்குத் தெரியாத பேச்சில் நான் கேட்டிருக்கிறேன்.

எவ்வளவு கூப்பிட்டும் அந்த வருஷம் அவர் திரும்ப வரவில்லை.

எங்கள் கல்லூரியில் மாதக் கடைசி சனிக்கிழமை மதியம் ஆசிரியர்கள் எல்லோரும் கூடுவோம். முன்பெல்லாம் அதில் வருகைப் பதிவேடு, தேர்வுத் தேதி, இதைத்தான் பேசுவோம். அந்த மாதம் நான் இந்தக் கதையைச் சொன்னேன். சொல்லும்போது அழுதும் விட்டேன். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து கம்ப்யூட்டர் எடுக்கும் தம்பி, "எனக்கும் இப்படி ஒருத்தங்க போனாங்க மேடம்" என்றார். அப்புறம் இன்னொருவர். அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தோம். இனி ஒவ்வொரு மாதமும் ஒவ்வொருவரும் சரியாகப் போகாத ஒரு பாடத்தைக் கொண்டுவந்து சொல்ல வேண்டும். "பிள்ளைங்களுக்கு மண்டையில ஏறல" என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. நான் எங்கே விட்டேன் என்றுதான் பேச வேண்டும்.

அப்படிப் பேசிப் பேசி நாங்கள் கற்றதில் முக்கியமான மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, "புரிஞ்சுதா?" என்று கேட்பதை நிறுத்தினோம். இதைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் தையல் டீச்சர். "என் வகுப்புல நான் அப்படிக் கேட்கிறதே இல்லை. முதல் வாரம் ஊசியில நூல் கோக்காம, கோடு போட்ட பேப்பரைத் தைக்கச் சொல்லுவேன். ஓட்டை கோட்டு மேலயே விழுந்திருக்கா, விலகிப் போயிருக்கான்னு பேப்பரே சொல்லிடும். நான் எதுக்குக் கேட்கணும்?" என்றார். எவ்வளவு பெரிய விஷயம்! "புரிஞ்சுதா?" என்று பெரியவர்களைக் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். வெட்கம் விடாது. அதனால் இப்போது நான், "இப்ப சொன்னதை உங்க பக்கத்துல இருக்கறவங்களுக்குச் சொல்லிக் காட்டுங்க" என்கிறேன். இருவர் இருவராகப் பேசும்போது நான் நடுவில் நடந்து காது கொடுத்துக் கேட்பேன். எங்கே தப்பாகப் போகிறது என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். யாரையும் எழுப்பி நிறுத்த வேண்டியதில்லை.

இரண்டாவது, தெரிந்ததிலிருந்து ஆரம்பிக்கிறோம். சதவீதத்தை வட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். "நூத்துக்கு அஞ்சுன்னா ஐநூறுக்கு எவ்வளவு?" என்றால் "இருபத்தஞ்சு" என்று உடனே பதில் வரும். "அவ்வளவுதான், 500 மில்லி பாட்டில்ல 25 கிராம்" என்று பாட்டிலைக் காட்டுவேன். மூன்று நாள் பாடம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. பிரேசில் நாட்டில் பாவ்லோ ஃப்ரெய்ரே என்ற கல்வியாளர் 1963-ல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு எழுத்தறிவு கொடுத்தபோது, அவர்கள் வாழ்க்கையிலும் வேலையிலும் புழங்கும் சொற்களை வைத்துத்தான் ஆரம்பித்தார். நம் புதுக்கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுக்கச் செய்தார். கல்குவாரியில் வேலை செய்த பெண்கள்கூட சைக்கிள் ஏறினார்கள். கற்றுக்கொண்டவர் அடுத்தவருக்குக் கற்றுக் கொடுத்தார். சைக்கிள் ஓட்டுபவரிடம் யாராவது "புரிஞ்சுதா?" என்று கேட்பார்களா? ஓட்டினாலே தெரிந்துவிடுமே!

மூன்றாவது, ஒருவர் இரண்டு நாள் வரவில்லை என்றால் அன்றே போன் செய்வது. போனில் விஷயம் வராவிட்டால் நேரில் போவது. போய்ப் பார்த்தால்தான் காரணம் தெரிகிறது. தண்ணீர் வரும் நேரம், மாமியாருக்கு உடம்பு சரியில்லை, கணவர் வேண்டாம் என்கிறார், இப்படி எத்தனையோ. ஒரு சமயம் நாலு பேர் தினமும் தாமதமாக வந்தார்கள். திட்டிக்கொண்டே இருந்தோம். விசாரித்தால், அவர்கள் ஊர் டவுன் பஸ் இங்கே வந்து சேரவே பத்து மணி ஆகிறது. ஒன்பதரை வகுப்பைப் பத்தேகாலுக்கு மாற்றினோம். பிரச்சினை அன்றோடு தீர்ந்தது.

இதையெல்லாம் உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்களும் ஆசிரியர்கள்தான். புதுக் குழுவுக்குப் பயிற்சி கொடுப்பது யார்? கடன் விதிகளை வாசித்துக் காட்டுவது யார்? நீங்கள்தானே. வாசித்து முடித்ததும் என்ன கேட்கிறீர்கள்? "எல்லாருக்கும் புரிஞ்சுதா? சரி, கையெழுத்துப் போடுங்க." (சிரிப்பு) சிரிக்கிறீர்கள், நானும் அதே தப்பைச் செய்தவள்தான். என் வகுப்பில் புரியாவிட்டால் மார்க் போகும். உங்கள் கூட்டத்தில் புரியாவிட்டால் ஒரு குடும்பத்தின் பணம் போகும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். பத்தாயிரம் ரூபாய் கடன், பத்து மாதம், மாதம் ஆயிரம் அசல் கட்ட வேண்டும். வட்டி நூற்றுக்கு இரண்டு. வெளியிலிருந்து ஒருவர் வந்து, முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி என்று கணக்குப் போட்டால் மாதம் 200, பத்து மாதத்துக்கு 2,000 ரூபாய். குறையும் அசலுக்கு வட்டி என்றால் முதல் மாதம் 200, அடுத்து 180, அடுத்து 160 என்று இறங்கி கடைசி மாதம் 20. கூட்டினால் 1,100 ரூபாய்தான். இரண்டையும் "ரெண்டு வட்டி" என்றுதான் சொல்வார்கள். ஆனால் வித்தியாசம் 900 ரூபாய்!

இதை வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள். பத்து புளியங்கொட்டையை உறுப்பினர் கையில் கொடுங்கள். ஒரு கொட்டை ஆயிரம் ரூபாய். மாதம் ஒரு கொட்டையை எடுத்து ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். "மீதி எத்தனை இருக்கு? இதுக்கு மட்டும்தானே வட்டி?" என்று அவர்களையே சொல்ல வையுங்கள். படிக்கத் தெரியாத பாட்டியும் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடட்டும், கைநாட்டு வைக்கட்டும்.

கடைசியாக உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

உங்கள் குழுவிலிருந்து யாராவது எங்களிடம் படிக்க வந்தால், அவருக்கு என்ன தெரியும் என்று எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். கணக்கு எழுதுவாரா, நாலு பேருக்குச் சமைப்பாரா, பிரசவம் பார்த்த வீட்டுக்குத் துணையாகப் போவாரா, எதுவானாலும் சரி. அந்த அக்காவைப் பற்றி எனக்கு முதல் நாளே தெரிந்திருந்தால் இன்று அவர் ஒரு ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்திருப்பார்.

உங்களில் தொழில் தெரிந்தவர்கள் மாதம் ஒரு நாள் எங்கள் வகுப்புக்கு வந்து பேசுங்கள். பட்டம் கேட்க மாட்டோம். உங்கள் கை அனுபவம் போதும்.

வீட்டில் மகளையோ மருமகளையோ பார்த்து "உனக்கெங்க ஏறப் போகுது" என்று சொல்லாதீர்கள். விளையாட்டுக்குக்கூட வேண்டாம். அந்த வார்த்தை எவ்வளவு தூரம் போகும் என்று நான் நேரில் பார்த்தவள்.

இரண்டு வருஷம் கழித்து அந்த அக்காவே ஒரு நாள் கல்லூரிக்கு வந்தார். கூடவே ஒரு பெண். "எந் தங்கச்சி டீச்சர். சேத்துக்குங்க" என்றார். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். படியிறங்கியவர் திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், இவ கொஞ்சம் கூச்சப்படுவா. எல்லார் முன்னாடியும் எழுப்பிக் கேட்காதீங்க."

"கேட்க மாட்டேங்க்கா" என்றேன். "நீங்களும் வாங்களேன்" என்று கூப்பிட்டேன். சிரித்துவிட்டுப் போனார். அந்தத் தங்கச்சி படிப்பை முடித்து இப்போது வேலைக்குப் போகிறார். அக்காவை இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த வருஷச் சேர்க்கைக்கும் அவருக்கு ஒரு விண்ணப்பம் என் பையில் வைத்திருக்கிறேன்.

 நான் பேசியது புரிஞ்சுதா என்று கேட்க மாட்டேன். வீட்டுக்குப் போய் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்தப் புளியங்கொட்டைக் கணக்கைச் சொல்லிக் காட்டுங்கள், அது போதும்.