பாட்டியின் மறுபாதி



தமிழ்க் கவிதையில் பாட்டிக்குப் பஞ்சமில்லை. சுருங்கிய தோல், வெற்றிலை உரல், பல்லாங்குழி, நிலாச்சோறு ஆகியவற்றைக் கொண்டே பலரும் பாட்டியைப் படைத்துவிடுகின்றனர். அக்கவிதைகளில் ஒரு பாட்டியை மற்றொரு பாட்டியினின்று பிரித்தறிதல் அரிது. இக்குறை அன்பின்மையால் நேர்வதன்று; பேரப்பிள்ளை தன் நினைவு ஒன்றையே நம்பி எழுதுவதால் நேர்வது. பாட்டியை அறிந்தவர் வேறு சிலரும் உண்டு. கோடை விடுமுறையில் அவளுடைய திண்ணையை நிறைத்த தோழர்களே அவர்கள்.

மேல்சித்தாமூரை நினைத்துப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட இவ்வூரில்தான் தமிழ்ச் சமணரின் தலைமை இடமாகிய ஜினகாஞ்சி மடம் இருக்கிறது. பார்சுவநாதர் கோயிலின் ஏழுநிலைக் கோபுரம் வயல்களுக்கு மேலே உயர்ந்து தோன்றுகிறது. மலைநாதர் கோயிலில் பாறையொன்றில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் பாகுபலியும் அம்பிகை இயக்கியும் புடைப்புச் சிற்பங்களாக நிற்கின்றனர்.

தொழிலையும் கல்வியையும் நாடிச் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் சென்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையே ஊர் திரும்பும் காலம். அக்காலத்தில் சிறுவர்க்குச் சமய வகுப்புகளும் பயிற்சி முகாம்களும் நடத்தும் வழக்கம் தமிழ்ச் சமணரிடையே உண்டு. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து ஒரே பாயில் உறங்கி, ஒரே வரியை உரக்கச் சொல்லிப் பழகும் பிள்ளைகள் சில நாட்களில் உடன்பிறந்தார் போல் ஆகிவிடுவர். முகாம் முடிந்ததும் அவரவர் திசையில் பிரிந்துவிடுவர்.

இங்கே ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். மறைந்த தன் பாட்டியைப் பற்றிக் கவிதை எழுத ஒரு பேரன் அமர்கிறான். அவன் நினைவில் இருப்பவள் கண்டிப்பானவள். கதிரவன் மறையுமுன் உண்ண வேண்டும் என்று விளையாட்டின் நடுவே அழைத்தவள்; துணியில் வடிகட்டாத நீரைத் தொடவிடாதவள்; எழுத்தறியாதவள். 'ஏடறியாப் பாட்டி' என்று முதல் அடியும் அமைந்துவிடுகிறது.

அவனுடன் முகாமில் இருந்த தோழி ஒருத்தியிடம் கேட்டால் வேறொரு பாட்டி வெளிப்படுகிறாள். வீட்டை நினைத்து முதல் நாள் இரவு அழுத அச்சிறுமியைத் தன் அருகில் படுக்கவைத்து, உறங்கும்வரை ஸ்ரீபுராணக் கதை சொன்னவள் அவள். மற்றொரு தோழன் கூறுவது இன்னும் வியப்பானது. பிள்ளைகள் நாலடியார் வெண்பாவை ஒப்பிக்கும்போது, அடுப்படியிலிருந்தபடியே சீர் தவறிய இடத்தைச் சுட்டித் திருத்தியவள் அவள். எழுத்து அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம்; ஏடு அவள் செவியில் இருந்தது. பேரன் எழுதிய முதல் அடி பொய்யாகிவிட்டது. ஆனால் அவனுடைய கவிதை அங்கேதான் பிறக்கிறது.

வீட்டுக்கு வந்த பிள்ளை கண்டதை வீட்டுப் பிள்ளை ஏன் காணவில்லை? நாள்தோறும் கிடைப்பதை உற்று நோக்குவார் இல்லை. பேரனுக்குப் பாட்டி காற்றைப் போன்றவள். தோழிக்கு அவள் புதியவள். தோழர்களின் நினைவிலும் மிகைப்படுத்தல் இருக்கும். ஆயினும் இரு நினைவுகள் முரண்படும் இடத்தில்தான் ஒரு மனுஷி முழு உருவம் பெறுகிறாள்.

இது கவிதைக்கு மட்டும் உரிய செய்தியன்று. தமிழ்ப் பதிப்பு வரலாறும் இதற்குச் சான்று. 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் உ. வே. சாமிநாதையரைச் சீவக சிந்தாமணியின் பக்கம் திருப்பினார். சுவடி கையில் இருந்தும், சமணக் கருத்துகள் பல ஐயருக்கு விளங்கவில்லை. அவர் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். சந்திரநாத செட்டியார் முதலியோர் ஐயம் தீர்த்ததை 'என் சரித்திரம்' நன்றியுடன் கூறுகிறது. 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பாட்டு ஓலையில் இருந்தது. அதன் பொருளோ குடும்பங்களின் கேள்வியறிவிலும் அன்றாட ஒழுக்கத்திலும் உயிரோடு இருந்தது. ஐயர் கேட்டார், அதனால் அது நமக்குக் கிடைத்தது.

ஓலை செல்லரித்தால் படி எடுக்கலாம். செவியில் இருந்த ஏட்டுக்குப் படி, அதைக் கேட்டிருந்தவர்களே. முகாமில் கூடிய சிறுவர்கள் இன்று நரைகண்டு, தொலைவில் வாழ்கின்றனர். அவர்களும் மறைந்துவிட்டால் பாட்டிக்கு இரண்டாம் மரணம் நேரும்.

ஆதலின் பாட்டியைப் பாடவிரும்பும் கவிஞர், எழுதுகோலை எடுக்குமுன் பழைய தோழர் ஒருவருக்குக் கடிதம் எழுதட்டும், தொலைபேசியிலேனும் அழைக்கட்டும். 'எங்கள் பாட்டியை உனக்கு நினைவிருக்கிறதா?' என்னும் ஒரு வினா போதும். வரும் விடை கவிதைக்கு உதவாமல் போனாலும், அறுந்த நட்பு ஒன்று மீண்டும் தளிர்க்கும். அதுவும் பாட்டி விட்டுச் சென்ற செல்வமே.