முதலில் அடிச்சட்டத்தைத் தட்டிப் பாருங்கள்

கேமரன் மலையில் காய்கறிக் கூடைகளைச் சுமந்து உழைத்த பழைய லேண்ட் ரோவர் பிக்கப்புகளைச் சிலர் காட்டுப் பாதைப் பயணத்திற்காக வாங்கிப் புதுப்பிக்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால், வாங்கிய மறுநாளே பெரிய டயர், உயரமான ஸ்பிரிங், வின்ச் என்று பணம் பறக்கிறது. படம் எடுத்தால் அழகாகத்தான் இருக்கும்!

வெளித்தகடு அலுமினியம், இரும்புபோல் துருப்பிடிக்காது. அடிச்சட்டமோ எஃகு. பெட்டிபோல் மூடிய அதற்குள் சேறு தங்கி, உள்ளிருந்தே அரித்துவிடும். மேலே சாயம் பூசிவிட்டால் தெரியாது. சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாகக் கேட்கும் இடத்தை வெட்டிப் புதுத்தகடு பற்றவைக்க வேண்டும். வின்ச் இழுக்கும்போது முழுப் பாரமும் அந்தச் சட்டத்தின் மேல்தானே விழுகிறது?

டயர் பெரிதானால் பழைய டிரம் பிரேக் திணறும். மலை இறக்கத்தில் அது உயிர்ப் பிரச்சினை. மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் தேவை. அது கிடைக்கும்வரை வண்டி பட்டறையிலேயே நிற்கட்டும்.