பல்கேரிய ஆணையமும் உயரத்தில் ஏறிய மின்மீட்டர்களும்

சமத்துவ ஆணையம் ஒன்றை மதிப்பிட, வந்த மனுக்களையும் முடித்த மனுக்களையும் எண்ணுவதே நம் வழக்கம். ஆண்டறிக்கைக்கு அது போதும். மனுவுக்குப் பின்னால் நிற்கும் தவறு இன்னதென்று ஆணையம் சரியாகக் கண்டுகொண்டதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். அதற்குப் பல்கேரியாவின் மின்மீட்டர் வழக்கு நல்ல சான்று.

அங்கே பாகுபாட்டுத் தடைச் சட்டம் 2004 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் அமைந்த ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணமில்லை. பாதிக்கப்படாதவரும் தகவல் தரலாம். ஆணையம் தானாகவும் விசாரிக்கலாம். ஏட்டளவில் குறையே இல்லை. 2008 டிசம்பரில் துப்னிட்சா நகரின் கிஸ்டோவா மஹலாவில் கடை நடத்திய பெண்மணி ஒருவர் மனுக் கொடுத்தார். ரோமா மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி அது. மற்ற இடங்களில் 1.70 மீட்டர் உயரத்தில் இருக்கும் மின்மீட்டர், அங்கே கம்பத்தில் ஆறேழு மீட்டர் உயரத்தில் இருந்தது. கட்டணம் சரிதானா என்று பார்க்க வழியில்லை என்பது அவர் குறை. அவரோ ரோமா இனத்தவர் அல்லர். ஆணையம் இங்கேதான் தடுமாறியது. 2010இல் தேசியத்தின் பேரில் நடந்த மறைமுகப் பாகுபாடு என்றது. எந்தத் தேசியத்தாரோடு ஒப்பிட்டீர்கள் என்று கேட்டு, உச்ச நிர்வாக நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2012இல், கடை இருக்கும் இடத்தால் நேர்ந்த நேரடிப் பாகுபாடு என்றது ஆணையம். இரண்டு முடிவுகளும் மனுதாரருக்குச் சாதகமே. ஆனால் முதலாவதில் தேசியம், இரண்டாவதில் முகவரி. மின்திருட்டு நடக்கிறதென்று ஒரு பகுதி முழுவதையும் சந்தேகித்து மீட்டரை உயர்த்திய வழக்கம் அப்படியே நின்றது. அந்த இனத்தவரல்லாதவரும் உடன் பாதிக்கப்பட்டால் பாதுகாப்புக்கு உரியவரே என்று 2015 ஜூலை 16இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்ன பிறகே இனம் என்ற காரணம் நடுவே வந்தது.

கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பதை மின்விநியோக நிறுவனம் சகித்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம், திருட்டைத் தடுப்பது நியாயமான நோக்கமென்று நீதிமன்றமும் ஏற்றது. ஆனால் திருடியவர் யார், திருடாதவர் யார் என்று பாராமல் எல்லார் மீட்டரையும் ஏற்றியிருந்தார்கள். சான்று கேட்டபோது, அது ஊரறிந்த சேதி என்றது நிறுவனம். பாகுபாடு நடந்ததாகக் கருத இடமிருந்தால், இல்லையென்று மெய்ப்பிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்பின் மேல் விழுகிறது. ஊர்ப்பேச்சு அங்கே சான்றாகாது.

மனுதாரரே இல்லாதபோது ஆணையம் வலியப் போய் வழக்குத் தேடலாமா என்பது அடுத்த மறுப்பு. வாடிக்கையாளர் விரும்பமாட்டார்கள் என்பதால் குடியேறியவர்களை வேலைக்கு எடுக்கமாட்டோம் என்று பெல்ஜியத்தில் கதவு பொருத்தும் நிறுவனமொன்றின் இயக்குநர் பகிரங்கமாகச் சொன்னார். அந்நாட்டுச் சமவாய்ப்பு மையம் வழக்குத் தொடுத்தது. அந்தப் பேச்சே நேரடிப் பாகுபாடு என்று 2008இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைப் படித்துவிட்டு விண்ணப்பிக்காமலே இருந்தவர் எந்த மனுவைக் கொண்டுவருவார்?

வழக்காடும் மையத்துக்குப் பொருந்துவது தீர்ப்புச் சொல்லும் ஆணையத்துக்குப் பொருந்தாது என்பதுதான் கனமான மறுப்பு. தானே தொடங்கித் தானே முடிவு சொல்வது நடுநிலையைக் கெடுக்கக்கூடும். அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் இன்னொரு மீட்டர் வழக்கில் பல்கேரிய ஆணையம் விளக்கம் கேட்டபோது, நீ நீதிமன்றம் அல்ல என்று 2013இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் திருப்பி அனுப்பிவிட்டது. ஆணையத்தின் முடிவுகளோ எப்படியும் நீதிமன்றச் சீராய்வுக்கு உட்பட்டவை. நீதிமன்றத் தகுதி இல்லாத ஒன்று நீதிபதியின் தயக்கத்தை மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? சமத்துவ அமைப்புகளின் தற்சார்பையும் வளத்தையும் உறுதிசெய்யும் 2024ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆணைகளை உறுப்பு நாடுகள் தம் சட்டத்தில் சேர்க்க 2026 ஜூன் 19 கெடு. தானாக விசாரிக்கும் அதிகாரத்தை எந்தெந்த ஆணையம் உண்மையில் கையாண்டது என்பதைக் கட்டுரையாளர்கள் முதலில் ஆராயும்படி கேட்டுக்கொண்டு, அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.