வீட்டுத் தலைவர் லூயி மார்ட்டின்

(நம் பங்கின் வெள்ளிவிழா நவநாளில், குடும்ப நாளன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் பங்கின் பாதுகாவலியாம் குழந்தை தெரேசம்மாளை அறியாதவர் நம்மில் எவருமில்லை. வீட்டுக்கு வீடு ஒரு தெரேசா இருக்கிறாள். ஆனால் அந்தப் புனிதையின் கைபிடித்து நடத்திச் சென்ற தந்தையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? குடும்ப நாளான இன்று அந்த நல்ல மனிதரைச் சற்று நினைவுகூர்வோம்.

லூயி மார்ட்டின் 1823-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் பிறந்தார். தந்தை படைவீரர். இளமையில் லூயிக்குத் துறவியாக வேண்டுமென்ற ஆசை. சுவிட்சர்லாந்திலுள்ள பெரிய புனித பெர்நார்து மலை மடத்தின் கதவைத் தட்டினார். லத்தீன் படித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முயன்றார், முடியவில்லை. குருமடத்தில் லத்தீன் இலக்கணத்தோடு மல்லுக்கட்டிய நமக்கு அவர் பட்ட பாடு நன்றாகவே விளங்குகிறது!

ஆனால் இறைவன் ஒரு கதவை அடைத்தது வேறொரு வீட்டைத் திறப்பதற்காகவே. லூயி கடிகாரத் தொழில் கற்று, அலன்சோன் என்னும் ஊரில் கடை வைத்தார். பின்னல் சரிகை வேலையில் கைதேர்ந்த செலி குவெரினை 1858-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் நாள் மணந்தார். ஒன்பது பிள்ளைகள் பிறந்தனர். அவர்களில் நால்வரைச் சிறு வயதிலேயே கல்லறைக்குக் கொண்டுபோக நேர்ந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தந்தையர் இங்கும் இருக்கிறீர்கள். அந்த வீட்டின் துயரத்தை நாம் விவரிக்கத் தேவையில்லை.

மனைவியின் சரிகைத் தொழில் வளர்ந்தபோது, 1870-இல் தம் கடிகாரக் கடையையே விற்றுவிட்டு அவருக்குத் துணை நின்றார் லூயி. மனைவியின் தொழிலுக்காகத் தம் தொழிலை விட்டவர் அவர்! ஆண்மக்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

ஞாயிறன்று அவர் கடை திறந்ததில்லை. நாட்டுப்புறத்து மக்கள் ஊருக்கு வந்து பொருள் வாங்கும் நாள் அது. பக்கத்துக் கதவையாவது திறந்து வைக்கலாமே என்று நண்பர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவர் இசையவில்லை. நட்டம் வந்தால் வரட்டும், ஆண்டவருடைய நாள் ஆண்டவருக்கே என்றிருந்தார்.

பக்தி மிகுந்தவர், ஆனால் ஆலயத்தோடு நின்றுவிடுகிற பக்தியல்ல அது. வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்து ஏழைகளின் வீடு தேடிச் சென்றார். தூண்டில் போட்டுப் பிடித்த மீனைக் கிளாரா மடத்துக் கன்னியருக்குக் கொடுத்தார். ஒருமுறை இரயில் நிலையத்தில் காக்காய் வலிப்பு நோயாளி ஒருவர், ஊர் திரும்பக் கையில் காசில்லாமல் பசியோடு நிற்பதைக் கண்டார். உடனே தம் தொப்பியைக் கழற்றினார். முதலில் தம் காசைப் போட்டார். பிறகு பயணிகளிடம் ஒவ்வொருவராகத் தொப்பியை நீட்டினார். கொடுப்பது எளிது; பிறருக்காகக் கையேந்துவது கடினம். அதற்கு மானத்தையே காணிக்கையாக வைக்க வேண்டும்.

1877 ஆகஸ்டு 28-இல் மார்புப் புற்றுநோயால் செலி காலமானார். அப்போது தெரேசாவுக்கு நான்கரை வயது. தாயில்லாப் பெண்மக்கள் ஐவர். அவர்களுக்கு மாமன் வீட்டு ஆதரவு வேண்டுமென்று, பழகிய ஊரையும் நண்பர்களையும் விட்டு லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தார் லூயி. பின்னர் அந்த மக்கள் ஒவ்வொருவராக மடத்துக்குப் போக விடை கேட்டார்கள். 1887-இல், தூய ஆவியின் பெருவிழாவன்று, கடைக்குட்டி தெரேசாவும் கேட்டாள். தந்தையின் கண்கள் கலங்கின. தோட்டச் சுவரில் பூத்திருந்த சின்னஞ்சிறு வெண்மலர் ஒன்றை வேரோடு எடுத்து மகளின் கையில் கொடுத்தார். 'சிறுமலர்' என்று நாம் அன்போடு அழைக்கும் பெயருக்குப் பின்னால் இந்தத் தந்தையின் கண்ணீரும் இருக்கிறது.

பிரியமானவர்களே, இதுவரை சொன்னதைக் கேட்க இனிமையாக இருக்கிறது. இனிமேல் சொல்லப்போவதுதான் இன்று நமக்குத் தேவையானது.

தெரேசா கார்மேல் மடம் புகுந்த மறு ஆண்டே, 1889 பிப்ரவரியில், லூயி கான் நகரிலிருந்த மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நினைவு தடுமாறியது. சில வேளைகளில் தம் முகத்தைத் துணியால் மூடிக்கொள்வார். மூன்றாண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். ஊர் வாய் சும்மா இருக்குமா? பெண்மக்கள் ஒவ்வொருத்தியாக மடத்துக்குப் போனதால்தான் தகப்பனுக்கு இந்தக் கதி என்று பேசினார்கள். அந்தப் பேச்சு மடத்துச் சுவரைத் தாண்டிப் பிள்ளைகளின் காதிலும் விழுந்தது. ஆனால் அவர்கள் தந்தையை எண்ணி வெட்கப்படவில்லை. அந்தத் துன்ப ஆண்டுகளைத் தம் குடும்பத்துக்குக் கிடைத்த பெருஞ்செல்வமென்றே தெரேசா மதித்தாள். 1892-இல் கால்கள் செயலற்ற நிலையில் தந்தை வீடு திரும்பினார். மகள் செலின் உடனிருந்து பணிவிடை செய்தாள். 1894 ஜூலை 29-இல் அவர் ஆண்டவரில் துயில்கொண்டார். 2015 அக்டோபர் 18-இல் திருத்தந்தை பிரான்சிசு அவரையும் அவர் மனைவியையும் ஒருசேரப் புனிதர்களாக அறிவித்தார். மனநோய் மருத்துவமனையில் கிடந்தவரை, கணவரென்றும் தந்தையென்றும் போற்றித் திருச்சபை பீடத்தில் ஏற்றியிருக்கிறது.

இங்கே நாம் ஒரு குற்றத்தை உங்கள் முன் அறிக்கையிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வீடு மந்திரிக்கச் சென்றபோது, ஒரு வீட்டில் பின்கட்டு அறை சாத்தியிருந்தது. "அப்பா தூங்குறாங்க சாமி" என்றார்கள். அவருக்கு நினைவு தவறிப்போனது நமக்குத் தெரியும். வெளியே சொல்ல அவர்கள் கூசுகிறார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டோம். மறு ஆண்டும் அப்படியே. இந்தக் கோவிலுக்கு மண் சுமந்தவர் அவர். அவரை அடக்கம் செய்த அன்று அவருடைய மனைவி சொன்னார்: "பிள்ளைகள் பெயர் மறந்துபோச்சு சாமி. ஆனா நாங்க 'அருள் நிறைந்த மரியே' தொடங்கினா, பின்பாதியைச் சரியாச் சொல்லி முடிப்பாரு."

அந்தக் கதவைத் தட்டியிருந்தால் அவரோடு ஒரு பத்துமணியாவது செபித்திருக்கலாமே! அந்த எண்ணம் இன்றும் நம்மை உறுத்துகிறது.

ஆகவே, வெள்ளிவிழாக் காணிக்கையாக உங்களிடம் ஒன்று கேட்கிறோம். முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டுவர வேண்டிய நோயாளிகளின் பெயரைக் கொடுக்கும்போது, நினைவு தவறியவர்களின் பெயரையும் கூசாமல் கொடுங்கள். அவர் பேசமாட்டார், ஆளை அறியமாட்டார் என்று தயங்க வேண்டாம். அவர் நம்மை அறியாவிட்டால் என்ன? நாம் அவரை அறிவோம். ஆண்டவர் அவரை அறிவார். அன்பிய உறுப்பினர்களே, அந்த வீடுகளில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பார்த்துக்கொள்கிற மகளையோ மருமகளையோ திருப்பலிக்கு அனுப்பி வையுங்கள். அதுவும் ஒரு திருப்பணியே.

சாத்திய கதவுகள் திறக்கட்டும். லூயி, செலி என்னும் புனிதத் தம்பதியரின் மன்றாட்டால் நம் குடும்பங்கள் அனைத்தையும் இறைவன் நிறைவாக ஆசீர்வதிப்பாராக. ஆமென்.