நீர்க்கட்டி சிறுநீரகம்: கூடப்பிறந்தவர்களிடம் மறைக்க வேண்டாம்

(டிரஸ்டின் மருத்துவ உதவிக் கூட்டத்தில் செயலாளர் பேசியது)

 

டயாலிசிஸ் உதவி கேட்டு வரும் மனுக்களில் சில சமயம் ஒரே வீட்டு விலாசத்தைத் திரும்பவும் பார்க்கிறோம். முதலில் வாப்பா, சில வருஷம் கழித்து மகன். பெரும்பாலும் சர்க்கரை, பிரஷர்தான் காரணம். ஆனால் சிலருடைய ஸ்கேன் தாளில் பாலிசிஸ்டிக் கிட்னி என்றிருக்கும். சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள். பெண்களுக்குச் சினைப்பையில் வரும் நீர்க்கட்டி வேறு, இது வேறு.

செல்களைப் பெருகச் சொல்லும் புரதங்கள் நம் உடம்பில் உண்டு. வளர்ச்சிக் காரணிகள் என்பார்கள். காயம் ஆறுவதற்கும் அவை வேண்டும். சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்லில், அந்தக் கட்டளையை வாங்கும் ஏற்பி குழாய்க்கு வெளிப்புறமாக இருக்க வேண்டும். இந்த நோயில் அது உட்புறத்திலும் போய் உட்கார்ந்துவிடுகிறது. கட்டிக்குள் தேங்கும் நீரிலும் அந்தக் காரணி இருக்கிறது. ஆக, கட்டி தன் நீரைக் கொண்டே தன்னை வளர்த்துக்கொள்கிறது.

உடம்பில் தண்ணீர் குறைந்தால் சுரக்கும் வாசோபிரஸின் ஹார்மோனும் கட்டி வளரத் துணை போகிறது. அமெரிக்காவில் 2018இல் இந்நோய்க்கு அனுமதி பெற்ற டோல்வாப்டான் மாத்திரை அதைத்தான் தடுக்கிறது. நோயைக் குணமாக்காது, வேகத்தைக் குறைக்கும். ஈரலுக்காக அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் வேண்டும். இந்நோய் உள்ளவர்கள் நோன்பு பற்றி ஷஃபானிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இருக்கவே இருக்கிறது.

பெரியவர்களைத் தாக்கும் வகையில், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் என்று பார்க்காது. சொந்தத்தில் சம்பந்தம் செய்ததால் வந்தது என்று மருமகள் மேல் பழி போடுவது வீண். குழந்தைகளுக்கு வரும் அரிய வகைக்குத்தான் இரு பக்கமும் பழுதான மரபணு வேண்டும்.

பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள் என்று பயந்து நம் வீடுகளில் இதை மறைக்கிறார்கள். பயம் புரிகிறது. ஆனால் முப்பது, நாற்பது வயதுவரை வலியே இல்லாமல் கட்டி வளரும். பிரஷர் மட்டும் ஏறும், அதுவும் தெரியாது. தெரிந்தவர் பிரஷரைக் கட்டுக்குள் வைப்பார், கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்க மாட்டார். தெரியாதவர் அண்ணனுக்குக் கிட்னி கொடுக்கப் போய், பரிசோதனையில் தனக்கும் கட்டி என்று அறிகிறார்.

இளவயதில் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் முழுசாக விடுபட்டதாக ஆகாது. மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று டாக்டரையே கேளுங்கள்.

இந்நோய் உள்ளவரின் கூடப்பிறந்தவர்களுக்கும் வயது வந்த பிள்ளைகளுக்கும் ஸ்கேன் செலவை டிரஸ்ட் ஏற்கும். ஆபீஸில் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெயரை நோட்டீஸ் போர்டில் போட மாட்டோம், ஜமாஅத் கூட்டத்திலும் வாசிக்க மாட்டோம். பெண்கள் மதரஸா உஸ்தாதா மூலமாகவும் சொல்லி அனுப்பலாம்.