கரையேறிய கலமும் கலைச்சொல்லும்



இன்றைய பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். கோடைக்காலம் முழுதும் பாய்மரப் படகிலேயே வாழ்ந்து, துறைதோறும் பயணம் செய்யும் வடபுலத்தார், குளிர்காலம் நெருங்கியதும் தம் படகைக் கரையேற்றிக் காக்கும் முறையே அப்பொருள். ஆண்டெல்லாம் வெம்மை குன்றாத சிங்கப்பூரில் இதனைப் பேசுவானேன்? தமிழ் பிறந்த மண்ணில் இல்லாத ஒரு தொழிலைத் தமிழால் பிழையறச் சொல்ல முடியுமா என ஆய்வதற்கு இஃது ஒரு நல்ல உரைகல். அன்றியும், நார்வேயிலும் ஸ்வீடனிலும் கனடாவிலும் இன்று தமிழர் வாழ்கின்றனர். நார்வேயின் வடகோடியில் மீன் பதனிடும் ஆலைகளில் உழைத்த ஈழத்தமிழர் பலர். அவர்தம் பிள்ளைகளுக்கு உறைபனி அயற்செய்தி அன்று.

முதலில் காலத்தைக் குறிக்கும் சொல்லைக் காண்போம். நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, அவற்றுள் இரண்டிற்கு முன்பனி, பின்பனி எனப் பெயரிட்டனர். அங்கே பனி என்பது புல்நுனியில் துளிர்க்கும் நீர். பால்டிக் கடற்கரையில் வாழ்பவருக்கோ பனி என்பது கடலையே மூடும் பாளம். உப்புக் குறைந்த அக்கடலின் வடக்கு வளைகுடா ஆண்டுதோறும் உறைகிறது. பனித்துளிக்கும், வானிலிருந்து பொழியும் வெண்பனிக்கும், உறைந்த நீருக்கும் ‘பனி’ என்னும் ஒரே சொல்லை ஆண்டால், படகுக்காரர் எதற்கு அஞ்ச வேண்டும் என்பது தெளிவாகாது. அவர் அஞ்சுவது பொழியும் பனியைக் காட்டிலும் உறையும் நீரையே. ‘உறை’ என்னும் வினை நம்மிடம் உண்டு. பாலும் உறைகிறது, குருதியும் உறைகிறது. ஆனால் நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும் என்னும் செய்தி அவ்வினையில் இல்லை. படகைக் காக்கும் வேலைகளுட் பல இந்த ஒன்பது விழுக்காட்டை முன்னிட்டே நடைபெறுகின்றன.

படகின் குடிநீர்த் தொட்டி வடிக்கப்படுகிறது. குழாய்களில் எஞ்சிய நீர் வெளியேற்றப்படுகிறது. கடல்நீர் உள்ளே வருவதற்கென அடிப்பகுதியில் அமைந்த வால்வுகள், படகு கரையேறிய பின் திறந்தே விடப்படுகின்றன. கடலில் இருக்கும்போது வால்வை மூடுவது காப்பு. கரையில் மூடினால் அதனுள் சிறைப்பட்ட சிறிதளவு நீரே உறைந்து வால்வைப் பிளந்துவிடும். மின்கலமும் அத்தகையதே. முழுமையாக மின்னேற்றிய ஈய அமில மின்கலம் சுழியத்துக்குக் கீழ் 50 பாகையிலும் உறையாது. மின்னிறங்கியதோ 10 பாகையளவிலேயே உறையத் தொடங்கும்.

இவ்வறிவு புதியதன்று. கி.மு. 700 அளவில் வாழ்ந்த கிரேக்கப் புலவர் ஹெசியோட், தம் ‘வேலைகளும் நாட்களும்’ என்னும் நூலில் உழவருக்கு அறிவுரை கூறுமிடத்தே படகையும் மறக்கவில்லை. குளிர்காலத்தில் கலத்தைக் கரைக்கு இழுத்துச் சுற்றிலும் கல் அடுக்க வேண்டும் என்கிறார். மழைநீர் தேங்கி மரம் இற்றுப்போகாதிருக்க அடித்துளையின் அடைப்பைப் பிடுங்கிவிடவும், பாய்களை வீட்டில் மடித்து வைக்கவும், சுக்கானைப் புகைக்கு மேலே தொங்கவிடவும் சொல்கிறார். இன்று கரையேறும் படகிலும் அடைப்பைத் திறந்து நீரை வடியவிடுகின்றனர். பாய்களைக் கழற்றி உலர்த்தி மடிக்கின்றனர். கருவிகள் மாறியுள்ளன, செயலின் உட்பொருள் மாறவில்லை.

அச்செயலுக்கு ஒவ்வொரு மொழியும் தன் வாழ்விலிருந்து பெயரிட்டுள்ளது. படகைக் கரையேற்றுவதை ‘உலர வைத்தல்’ எனவும், மீண்டும் இறக்குவதைக் ‘கடலில் வைத்தல்’ எனவும் பொருள்படுமாறு ஸ்வீடிய மொழியினர் வழங்குவர். டச்சு மொழியினரின் சொல், மாட்டைத் தொழுவத்தில் கட்டுவதற்குரிய வினையிலிருந்து பிறந்தது. ஆங்கிலத்தார் குளிர்காலத்தின் பெயரையே வினையாக்கி ‘விண்டரைஸ்’ என்பர். இதனை அவ்வாறே பெயர்த்துக் ‘குளிர்காலமாக்கல்’ என்றால், கோடையைக் குளிர்காலமாக மாற்றுவது போன்ற பொருளே தோன்றும். நம்முடைய ‘ஆக்கு’ ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது; ஆங்கில ஈறு இங்கே குறிப்பது ஒன்றுக்கு ஏற்றதாக அமைப்பது. ஆகவே ‘குளிர்காப்பு’ என்பதே பொருந்தும்.

இனிக் ‘கரை’ என்னும் சொல்லைக் கருதுவோம். தமிழில் கரை என்றால் துன்பத்தின் முடிவு. மகளைக் கரையேற்றிவிட்டோம் என்கிறோம். எப்படியோ கரைசேர்ந்தோம் என்கிறோம். குளிர்நாட்டுப் படகுக்கு இவ்வுவமை பொருந்தாது. எப்பக்கமும் நீர் தாங்குமாறு கட்டப்பட்ட உடல், கரையில் சில கால்களின் மேல் நிற்க வேண்டியதாகிறது. அங்கே எடையைச் சுமப்பது ஏரா எனப்படும் அடிக்கட்டை. பக்கங்களில் நிறுத்தும் கால்கள் படகு சாயாமல் தடுப்பதற்கே. அவை நழுவாதிருக்க எதிரெதிர்க் கால்களைச் சங்கிலியால் பிணைக்கின்றனர். படகை மூடும் விரிப்பின் கயிற்றை அக்கால்களில் கட்டலாகாது என்பது எழுதாச் சட்டம். காற்றில் விரிப்பு புடைத்தால் கால் பிடுங்கப்பட்டுப் படகே சாயும். இக்கால்களைத் ‘தாங்கி’ எனப் பெயர்ப்பவர், அவை எடை தாங்குவன என்று படிப்பவரை நம்பச் செய்கிறார். நம் சிற்றூரார் சாயும் சுவருக்கு முட்டுக் கொடுக்கின்றனர். ‘முட்டுக்கால்’ என்றால் அதன் தொழில் அச்சொல்லிலேயே விளங்கும். அகராதியைத் தேடி அலையுமுன் நாம் ஊர் வழக்கைக் கேட்டிருக்க வேண்டும்.

சொல் பிழைத்தால் உயிருக்கே கேடு விளையும் இடமும் உண்டு. குழாய்களில் எஞ்சும் நீர் உறையாதிருக்க ஊற்றும் நீர்மத்தை ‘உறைதடுப்பி’ எனலாம். ஆனால் அதில் இருவகை உண்டு. எத்திலீன் கிளைக்கால் எந்திரத்தின் மூடிய குளிர்விப்புச் சுற்றுக்கு உரியது; இனிப்புச் சுவையுடைய நஞ்சு. புரோப்பிலீன் கிளைக்கால் நச்சுத்தன்மை மிகக் குறைந்தது. குடிநீர்க் குழாய்களுக்கு அதனையே ஊற்றி, வேனிலில் கழுவிவிடுகின்றனர். இரண்டையும் ‘உறைதடுப்பி’ என்னும் ஒரே சொல்லால் எழுதிய கையேடு, தூய தமிழில் அமைந்திருப்பினும் தீங்கான கையேடே. இங்கு வேதிப்பெயரைக் கடன்சொல்லாகவே நிறுத்தி, ‘எந்திர உறைதடுப்பி’, ‘குடிநீர்க்குழாய் உறைதடுப்பி’ எனப் பயனால் பிரித்துரைப்பதே முறை. கடன்சொல்லுக்கு நாம் நாண வேண்டுவதில்லை. நங்கூரம் பாரசீகத்திலிருந்தும் சுக்கான் அரபியிலிருந்தும் வந்தவை. நம் கட்டுமரமோ ஆங்கிலம் புகுந்து, இன்று அவ்வடபுலத் துறைகளில் நிற்கும் இரட்டையுடல் படகுகளின் பெயராகிவிட்டது. கடலோடிகள் பண்டத்தோடு சொல்லையும் மாற்றிக்கொண்டனர்.

படகுக்கு மட்டுமன்றி, உடையவர்க்கும் ஆயத்தம் வேண்டும். சிலர் நிலத்து வீட்டுக்குத் திரும்புவர். சிலர் குளிர்கால வாடகை வீடு தேடுவர். முட்டுக்கால் மேல் நிற்கும் படகிலேயே தங்குவோரும் உளர். அவர்க்கு ஏணிப்படியில் உறைந்த நீர் ஒரு கேடு. மூச்சுக்காற்றின் ஈரம் உட்சுவரில் நீராய் வழிவது மற்றொன்று. குளிருக்கு அஞ்சிக் காற்றுவழிகளை அடைத்து எரியடுப்பு மூட்டினால், மணமற்ற கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே உயிரைக் கொல்லும். எனவே ‘காற்றுப் புகாமல் மூடுக’ என்று எழுதுவதற்கும் ‘காற்றோட்டம் விட்டு மூடுக’ என்று எழுதுவதற்கும் இடையே உள்ள வேறுபாடு நடையழகு பற்றியதன்று.

அவையோரே, நாம் முன்வைப்பன மூன்று. படகைக் கரைக்கு எடுப்பது கரையேற்றம். அங்கே காத்து வைப்பது கரைவைப்பு. மீண்டும் நீரில் விடுவது கடலிறக்கம். இவற்றினும் சிறந்த சொற்கள் கடற்கரை ஊர்களில் வழங்கக்கூடும். கிடைப்பின் எம் சொற்களை விலக்கி அவற்றையே ஏற்போம். ஆனால் ஒரு நெறியை மட்டும் மன்றத்தார் உறுதியாகக் கொள்ள வேண்டுகிறோம். கலைச்சொல் ஆக்கும் குழுவில் மொழியறிந்தார் இருவர் அமர்ந்தால், அத்தொழிலைக் கையால் செய்தார் ஒருவரேனும் உடன் அமர்தல் வேண்டும். முட்டுக்கால் எதைச் செய்கிறது, வால்வு ஏன் திறந்திருக்க வேண்டும் என்பவற்றை அவர் சொல்லட்டும். அதன்பின் நாம் பெயரிடுவோம்.